தாத்தாவின் பாட்டு பேரனுக்கு ஏன் பிடிக்கிறது?

மகாளய அமாவாசை அன்று அதிகாலை நான்கு மணிக்கு கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் வீட்டுக்கு வீடு வானொலி ஒலிக்கத் தொடங்கிவிடும். ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து, உப்பேரியைத் தூர்த்து 1960களில் எழுந்த புதுநகரம் இது. அங்கே ஒலிக்கும் 'மகிஷாசுரமர்த்தினி' நிகழ்ச்சியோ நகரத்தைவிட மூத்தது. அதன் ஒலிபரப்பு 1930களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. சண்டி பாராயணக் குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ராவுடையது, இசை பங்கஜ் மல்லிக்குடையது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையை எழுப்பி மடியில் இருத்திக்கொள்கிறார் தாத்தா. சமஸ்கிருத சுலோகத்தில் ஒரு வரிகூடப் பிள்ளைக்குப் புரியாது. ஆனாலும் கேட்கிறது.

1976-இல் ஆகாசவாணி இந்த நிகழ்ச்சியை மாற்றிப் பார்த்தது. வங்கத்தின் உச்ச நட்சத்திரமான உத்தம் குமாரின் குரலில் புதிய நிகழ்ச்சி வந்தது. மக்கள் கொதித்துப் போனார்கள். பழைய பதிவே திரும்ப வந்தது. புதியதில் தரம் குறைவு என்பதல்ல, அதோடு சேர்ந்து எழுந்த விடியல்கள் யாருக்கும் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படி நினைக்க ஆய்வுகளும் இடம் தருகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹன்சல், சுமார் 20 வயதுள்ள மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை வெற்றிபெற்ற பாடல்களைப் போட்டுக் காட்டினார். 2013-இல் முடிவு வெளியானது. தங்கள் காலத்துப் பாட்டு பிடித்ததில் வியப்பில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்த 1980களின் தொடக்கப் பாடல்களும், 1960களின் பாடல்களும் மனதைத் தொட்டிருந்தன. முதலாவது அப்பா அம்மாவின் இளமைக் காலம். இரண்டாவது தாத்தா பாட்டி வழியாக வந்திருக்கலாம், அல்லது அந்தப் பாடல்களின் தரமே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதைவிட என்னை அசைத்தது 2016-இல் ஹார்வர்டிலிருந்து வந்த ஆய்வு. ஐந்து மாதக் குழந்தைகளுக்குப் பெற்றோர் வீட்டில் ஒரு புதுப் பாட்டைப் பாடிக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகள் அதே மாதிரிப் பாட்டைப் பாடும் பொம்மையிடமிருந்து கேட்டன. பிறகு முன்பின் தெரியாத இருவர் பாடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பெற்றோரிடம் கேட்ட குழந்தைகள், அந்தப் பாட்டைப் பாடியவரையே அதிக நேரம் பார்த்தன. பொம்மையிடம் கேட்டவற்றுக்கு அந்த ஈர்ப்பு வரவில்லை. 'இவர் நம்மவர்' என்று சொல்லும் வேலையை மெட்டு செய்கிறது. அதற்கு அந்த மெட்டு நம் மனிதர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தாளத்துக்கும் ஒரு பருவம் உண்டு. 2005-இல் ஆய்வாளர்கள் எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் ஆகியோர் கண்டது இது: ஆறு மாதக் குழந்தைகள் பால்கன் நாட்டு இசையின் சிக்கலான தாளத்தில் வரும் பிழையையும் பிடித்துவிடுகின்றன. தங்கள் ஊர் இசையை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு வயதுக்குள் அந்தத் திறன் மங்கிவிடுகிறது. வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்கவிட்டால் திரும்பி வருகிறது. பெரியவர்களுக்கு அப்படி எளிதில் வருவதில்லை. மடியில் வைத்துத் தொடையில் தாளம் தட்டும் பாட்டி, அந்தக் கதவு மூடுவதற்குள் மிஸ்ர சாபு போன்ற சிக்கலான தாளத்தை உள்ளே அனுப்பிவிடுகிறாள்.

பழைய படம் ஓடும்போது தாத்தாவைக் கவனியுங்கள். பாட்டு தொடங்குமுன் விரலைத் தூக்கி, "இரு, இப்ப வரும் பாரு" என்பார். மனதை உருக்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பே, அதை எதிர்பார்க்கும்போதே மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று 2011-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாத்தாவின் விரல் பழக்குவது இந்த எதிர்பார்ப்பைத்தான் என்பது என் எண்ணம்.

நேரில் பார்க்காத தாத்தாவும் கொடுத்துவிட்டுப் போகலாம். வயலின் வாசித்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். கூபி, பாகா என்ற இரு இசைப் பைத்தியங்களின் கதையை அதில் எழுதினார். 1915-இல் இறந்தும் போனார். பேரன் சத்யஜித் ராய் பிறந்தது 1921-இல். நின்றுபோன இதழை 1961-இல் அவர் மீட்டார். மகன் சந்தீப் சிறுவர் படம் கேட்க, 1969-இல் தாத்தாவின் கதையையே படமாக்கினார், பாட்டும் இசையும் அவருடையதே. அதில் வரும் பேய் நடனத்தைக் கேட்டுப் பாருங்கள்: மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் என்று நம்மூர் தாளவாத்தியக் கச்சேரியே நடக்கும்! கூபி-பாகா படவரிசையின் மூன்றாவது படத்தை இயக்கியவர் சந்தீப்.

இன்று சால்ட் லேக்கின் பல வீடுகளில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நம் மயிலாப்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் இதே கதைதான். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை அனுப்பும்போது செல்போனையும் இயர்போனையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவும் டிவி ரிமோட்டும் அந்த ஒரு மாதம் தாத்தா பாட்டி கையிலேயே இருக்கட்டும்.