கிட்டாரைத் திறந்தால்

எலெக்ட்ரிக் கிட்டாரின் முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு முதலில் வருவது ஏமாற்றம்தான். அரங்கத்தையே அதிரவைக்கும் சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவுதானா? பேட்டரி இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை, சர்க்யூட் போர்டும் இல்லை. மூன்று பிக்கப், மூன்று குமிழ், ஒரு சுவிட்ச், ஒரு கெப்பாசிட்டர், கேபிள் செருக ஒரு ஜாக். ஃபெண்டர் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது உள்ளே இருந்த சரக்கு இதுதான். இன்று கடையில் கிடைக்கும் அதன் நகல்களிலும் ஏறக்குறைய இதேதான். சால்டரிங் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல இடம். உறுப்புகள் பெரியவை, வயர்கள் கண்ணுக்குத் தெரிபவை. கேபிளைப் பிடுங்கிவிட்டால் ஷாக் அடிக்கவும் வழியில்லை.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய தாமிரக் கம்பிதான். கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர்; சுற்றுகளோ ஆயிரக்கணக்கில். மேலே இருக்கும் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். நைலான் தந்தி மாட்டினால் பிக்கப் வாயே திறக்காது.

அந்தச் சிறிய மின்னழுத்தத்தை வால்யூம் குமிழ் பங்கு பிரிக்கிறது: ஒரு பங்கு ஜாக்குக்கு, மிச்சம் கிரவுண்டுக்கு. டோன் குமிழ் செய்வது இன்னும் சுவாரசியம். அது எதையும் கூட்டுவதே இல்லை. கீச்சென்ற மேல் அதிர்வெண்களைக் கெப்பாசிட்டர் வழியாக கிரவுண்டுக்குத் தள்ளிவிடுகிறது. எஞ்சியதைத்தான் நாம் 'கனமான குரல்' என்கிறோம்.

கை பழக வேண்டியது சால்டரிங்கில். புதியவர்கள் பலரும் ஈயக் கம்பியை அயர்ன் முனையில் உருக்கி, அந்தச் சொட்டைக் கொண்டுபோய் இணைப்பின்மேல் விடுவார்கள். சொட்டு உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். பார்க்க ஒட்டியதுபோல இருக்கும். வயரை லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். சூடேற வேண்டியது ஒட்டப்போகும் உலோகம். அயர்ன் முனை வயரையும் அது சேரும் காலையும் ஒருசேரத் தொட வேண்டும். ஓரிரு நொடி கழித்து எதிர்ப்பக்கமாக ஈயக் கம்பியை நீட்டினால், உலோகத்தின் சூட்டிலேயே உருகி ஓடிப் பரவும். முதலில் ஈயத்தை எடுங்கள், பிறகு அயர்னை. உறையும்வரை வயர் ஆடக்கூடாது.

வழக்கமான சால்டர் 60 சதவீதம் வெள்ளீயம், 40 சதவீதம் காரீயம். 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அதன் நடுவே பைன் பிசினாலான ஃபிளக்ஸ் இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பாரே, அந்த வேலைதான் இதற்கும்: உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடை நீக்குவது. குழாய் வேலைக்கான அமிலப் பேஸ்ட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள், நாளடைவில் வயரை அரித்துவிடும். எழும் புகை பிசினுடையது. அதுவும் நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கிட்டாரில் கஷ்டமான இணைப்பு ஒன்று உண்டு. கிரவுண்ட் வயர்களெல்லாம் வால்யூம் குமிழின் முதுகில் போய்ச் சேரும். அந்த உலோக மூடி சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னின் ஊசிமுனையை வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்தால், ஈயம் ஒட்டுவதற்குள் உள்ளே இருக்கும் கார்பன் தடம் வீணாகிவிடலாம். அதிகச் சூடு, குறைந்த நேரம் என்பதே வழி. 40 வாட்டுக்குக் குறையாத அயர்ன், உளிபோன்ற அகல முனை. மூடியை உப்புத்தாளால் சுரண்டி, முதலில் அதன்மேல் தனியாக ஈயம் பூசுங்கள், வயர் நுனிக்கும் தனியாக. பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் சில நொடிகளில் ஒன்றாகிவிடும்.

பிக்கப்பை மாற்றுகிறவர்கள் அதன் இரண்டு வயர்களை இடம் மாற்றிவிட்டால் கிட்டார் ஊமையாகாது. தனியாக வாசிக்கும்போது ஒரு வேறுபாடும் தெரியாது. இன்னொரு பிக்கப்போடு சேர்க்கும்போதுதான் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மூக்கால் பேசுவதுபோல மெலிந்த ஒலி வரும். இதைக் குறை என்றே எல்லோரும் ஒதுக்கவில்லை. குவீன் குழுவின் பிரையன் மே, 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்' கிட்டாரில், ஒவ்வொரு பிக்கப்புக்கும் திசை மாற்றும் சுவிட்ச் உண்டு.

வேலை முடிந்ததும் தகட்டை மூடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் ரெசிஸ்டன்ஸ் அளவிடுங்கள். சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் 6 கிலோ ஓம் ஒட்டி வந்தால் நல்லது. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். 250 கிலோ ஓம் என்றால் மீட்டர் காட்டுவது வால்யூம் குமிழை மட்டும். பிக்கப் வந்து சேரவில்லை. எதுவுமே காட்டாவிட்டால் ஜாக்கின் வயர் விட்டுப்போயிருக்கிறது.

அப்படி விட்டுப்போவது அடிக்கடி நடப்பதுதான். ஜாக்கின் நட்டு தளர்ந்து, கேபிளைச் செருகும்போதெல்லாம் ஜாக் சுழன்று, வயர் முறிந்துவிடும். முதல் வேலையாக எடுத்துக்கொள்ள இதுவே தோது: இரண்டே வயர், இடமும் தாராளம். அதற்கு முன் பழைய ரேடியோ ஒன்றில் கை பழகிக்கொள்ளுங்கள். கிட்டாரின் பெயிண்ட்மேல் ஒரு துணியை விரித்துக்கொள்ளவும் மறக்காதீர்கள், ஈயம் தெறிக்கும்.

இந்தத் தைரியத்தில் ஆம்ப்ளிஃபயரை மட்டும் திறந்துவிட வேண்டாம். வால்வ் ஆம்ப்ளிஃபயரின் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடியவை. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடமே கொடுங்கள்.