அம்பிரிட்ஜ்: வானொலியில் வாழும் ஊரும் அதன் நேயர்களும்

'தி ஆர்ச்சர்ஸ்' பிரிட்டனின் பி.பி.சி. வானொலியில் 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகிவரும் நாடகத் தொடர். உலகில் மிக நீண்டகாலமாக ஓடிக்கொண்டிருக்கும் நாடகத் தொடர் இதுதான். 20,000 பகுதிகளைத் தாண்டிவிட்ட இதில் ஒரு பகுதி ஏறக்குறைய 13 நிமிடம். அதற்குள் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. பசு கன்று ஈனும். மலர்க் கண்காட்சியை யார் பொறுப்பெடுத்து நடத்துவது என்று வாக்குவாதம் வரும். நிலம் யாருக்கு என்ற பேச்சில் தகப்பனும் மகனும் மனம் கசந்து எழுந்து போவார்கள். ஆனால் அந்த 13 நிமிடத்தைப் பற்றிய பேச்சு மறுநாள் வரை ஓயாது. அவள் அப்படிச் சொல்லலாமா, அவனுக்கு இது முன்பே தெரியுமா, இந்த மாதத்தில் யாராவது வைக்கோல் அறுப்பார்களா என்று வீட்டிலும் ரயிலிலும் அலுவலகத்திலும் நேயர்கள் அலசுகிறார்கள். தொடரின் ஆயுளுக்கு எழுத்தாளர்களின் திறமை எவ்வளவு காரணமோ, இந்த அலசலும் அவ்வளவு காரணம்.

தொடர் பிறந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு நீடித்தது. 1954-இல்தான் அது முற்றாக நீங்கியது. விளைச்சலைப் பெருக்க விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதைப் பேச 1948-இல் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் நடந்தது. 'டிக் பார்ட்டன்' என்ற துப்பறியும் வானொலித் தொடர் அப்போது நாட்டையே கட்டிப்போட்டிருந்தது. லிங்கன்ஷயரைச் சேர்ந்த விவசாயி ஹென்றி பர்ட், விவசாயத்துக்கும் ஒரு டிக் பார்ட்டன் வேண்டும் என்றார். அதைப் பிடித்துக்கொண்ட பி.பி.சி. தயாரிப்பாளர் காட்ஃப்ரி பேஸ்லி, டிக் பார்ட்டனை எழுதிக்கொண்டிருந்த இருவரையே அழைத்துவந்தார். 1950 மே 29 தொடங்கி ஒரு வாரம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மட்டும் வெள்ளோட்டம் நடந்தது.

கதைக்களம் அம்பிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிராமம். அதற்கு போர்செட்ஷயர் என்று ஒரு கற்பனை மாவட்டம், ஊருக்குள் ஒரு தேவாலயம், 'தி புல்' என்ற மதுவிடுதி. மையத்தில் மூன்று விவசாயிகள்: கையில் காசு குறைவானாலும் சிக்கனமாகவும் கருத்தாகவும் உழைக்கும் டான் ஆர்ச்சர், எதையும் ஒழுங்காகச் செய்யாத வால்டர் கேப்ரியல், பணத்தோடு நிலத்தில் இறங்கிய ஃபேர்பிரதர். எது நல்ல விவசாயம் என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையே இருக்கவில்லை. மூன்று வயல்களை அடுத்தடுத்து வைத்ததே போதுமாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்தப் போதிக்கும் கடமை விலகியது. இருந்தாலும், கதையில் வரும் பண்ணை வேலைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க விவசாயக் கதை ஆசிரியர் ஒருவர் குழுவில் இருக்கிறார். நேயர்களில் உண்மையான விவசாயிகளும் உண்டு என்பதால் அவர் வேலை எளிதல்ல.

நேயர்கள் அம்பிரிட்ஜைத் தங்கள் ஊர்போல நினைப்பதற்கு முதல் காரணம் காலம். ஊரின் காலமும் கேட்பவரின் காலமும் ஒன்றே. அங்கே அறுவடை வந்தால் இங்கேயும் அறுவடைக் காலம். பாத்திரங்களுக்கும் ஆண்டுக்கு ஒரு வயது கூடும். நார்மன் பெயின்டிங் 1950-இல் ஃபில் ஆர்ச்சராகப் பேசத் தொடங்கி, 2009-இல் இறக்கும்வரை அதே பாத்திரமாக இருந்தார். பெகியாக நடித்த ஜூன் ஸ்பென்சர் 2022-இல் ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 103. 1967-இல் ஜெனிஃபர் என்ற இளம்பெண் திருமணமாகாமல் ஒரு பிள்ளை பெற்றாள். தகப்பன் யார் என்ற ஊகம் அம்பிரிட்ஜுக்குள் ஓடியதுபோலவே வெளியிலும் ஓடியது. அந்தக் குழந்தை ஆடம் வளர்ந்து, 2006-இல் தன் ஆண் துணைவருடன் சட்டப்படி இணைந்தான். அன்று தாயைப் பற்றிப் பேசிய அதே வாய்கள் சில, நாற்பது ஆண்டுக்குப் பின் மகனைப் பற்றிப் பேசின.

இரண்டாவது காரணம், வெறும் காதால் கேட்பது. முகமும் வீடும் கேட்பவர் மனதில்தான் உருவாகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் பண்ணைக் கதவாகக் கிரீச்சிடுவது துணி தேய்க்கும் மடக்குமேசை. காது இவ்வளவு கூர்மையாகிவிட்டால் எதுவும் தப்பாது. 60-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2011 ஜனவரி 2 அன்று நைஜல் பார்ஜெட்டர் தன் மாளிகைக் கூரையிலிருந்து விழுந்து இறந்தபோது, அவரது அலறல் எத்தனை நொடி நீண்டது என்று பார்த்துக் கூரையின் உயரத்தைக் கணக்கிட்ட நேயர்கள் இருந்தார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. சிலரைப் பற்றி ஊரே பேசும், அவர்கள் குரல் மட்டும் வராது. அப்படிப் பல ஆண்டுகள் வாய் திறக்காதிருந்த ப்ரூ ஃபாரஸ்ட் 1989-இல், 10,000-ஆவது பகுதியில் பேசினார். குரல் கொடுத்தவர் நடிகை ஜூடி டெஞ்ச்.

இழவு வீட்டுத் துக்கம் வானொலிப் பெட்டி வழியாக நாட்டுக்கே பரவ முடியும் என்று முதலில் தெரிந்தது 1955 செப்டம்பர் 22 அன்று. ஃபிலின் இளம் மனைவி கிரேஸ், தீப்பற்றிய லாயத்தில் சிக்கிய குதிரையைக் காக்க உள்ளே போய் உயிரிழந்தாள். பிரிட்டனின் முதல் தனியார் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே இரவுதான். அன்று சுமார் 2 கோடிப் பேர் அந்தப் பகுதியைக் கேட்டார்கள். பி.பி.சி.யின் தொலைபேசி இணைப்புகள் திணறின. ஏன் கொன்றீர்கள் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன.

நேயர் பேச்சு நாட்டின் பொதுப் பேச்சாகவே மாறியது ஹெலன் என்ற பெண், அவளை மணந்த ராப் டிட்ச்னர் ஆகியோரின் கதையில். ராப் வந்தபோது இனிமையானவன், அக்கறையுள்ளவன். பிறகு, சிறிது சிறிதாக, ஹெலன் எதை உடுத்தலாம், யாரைப் பார்க்கலாம், கார் ஓட்டலாமா என்பதெல்லாம் அவன் முடிவானது. இது ஒரு வாரக் கதையல்ல, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. ஏன் இழுக்கிறார்கள் என்று சலித்தவர்கள் இருந்தார்கள். கேட்க முடியாமல் அணைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த மெதுவான நடையில்தான் கதையின் உண்மை இருந்தது. அடி விழாத வீட்டிலும் ஒரு பெண் எப்படிச் சிறைப்படுகிறாள் என்பதை இரண்டு மணி நேரப் படம் சொல்லிவிடலாம். அன்றாடம் கேட்டு, அவளோடு சேர்ந்து தாமதமாக உணர்வது வேறு அனுபவம். இத்தகைய அடக்குமுறையைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. 2016 ஏப்ரல் 3 அன்று ஹெலன் ராபைக் கத்தியால் குத்தினாள். அதற்கு முன்பே ஒரு நேயர், ஹெலனைப் போன்ற உண்மைப் பெண்களுக்காக நிதி திரட்டத் தொடங்கியிருந்தார். ரெஃப்யூஜ் என்ற தொண்டு நிறுவனத்துக்காகச் சேர்ந்த அந்தத் தொகை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. செப்டம்பர் 11 அன்று ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியில் ஜூரிகள் அறைக்குள் வாதாடி, அவள் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தார்கள்.

2023-இல் ராப் சாகும் நோயோடு திரும்பி வந்தான். ஊர்ப் பாதிரியார் ஆலன் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது சரியா என்பதில் நேயர்கள் இரண்டுபட்டார்கள்.

நேயருக்குத் தெரிந்த உண்மை ஊருக்குத் தெரியாமல் இருந்தால் பேச்சு இன்னும் சூடாகும். 2024-இல் ஜார்ஜ் கிரண்டி என்ற இளைஞன், போதையில் இருந்த ஆலிஸ் என்ற பெண்ணின் காரை ஓட்டிச் சென்று விபத்தை உண்டாக்கினான். பிறகு நினைவிழந்த அவளை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றினான். குடியிலிருந்து மீளப் போராடியவள் என்று ஊரறிந்த ஆலிஸ், தானே குற்றவாளி என்று நம்பிவிட்டாள். உண்மை வெளிவர மாதங்கள் ஆயின. எந்தச் சின்ன வார்த்தை அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று நேயர்கள் ஒவ்வொரு நாளும் காத்திருந்தார்கள். அவனைத் திட்டியவர்களில் பலர், அவன் சிறைக்குப் போனபோது வருந்தவும் செய்தார்கள்.

இந்த அலசலில் இருந்து ஓர் ஆய்வுத் துறையே கிளைத்திருக்கிறது. 'அகடமிக் ஆர்ச்சர்ஸ்' என்ற அமைப்பு 2016 முதல் மாநாடுகள் நடத்துகிறது. புவியியல், சட்டம், சமூகவியல் படித்தவர்கள் அம்பிரிட்ஜ் நிஜ ஊர் என்றே வைத்துக்கொண்டு கட்டுரை வாசிக்கிறார்கள்.

தொடரின் முறை பிரிட்டனைத் தாண்டியும் போயிருக்கிறது. 1994-இல் பி.பி.சி. ஆப்கானிஸ்தானுக்காக பஷ்தூ, தாரி மொழிகளில் தொடங்கிய 'புது வீடு, புது வாழ்வு' நாடகம் 'தி ஆர்ச்சர்ஸை' முன்மாதிரியாகக் கொண்டது. போர் ஓயாத அந்த நாட்டில், கண்ணிவெடி எங்கே இருக்கக்கூடும், குழந்தைக்கு எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்பதெல்லாம் ஒரு கிராமத்துக் குடும்பங்களின் சண்டை சச்சரவுகளோடு வீடுகளுக்குள் போயின.