சுருண்டது நரம்பல்ல

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுபவர், பேருந்து நடத்துநர், ஓட்டல் மாஸ்டர், ஆசிரியை என நின்றே பிழைக்கும் பலரின் காலில் நீலப் புழு நெளிவதுபோல் ஏதோ புடைத்திருக்கும். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். உண்மையில் அது நரம்பல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை.

பாதத்து ரத்தத்தை மேலே ஏற்றும் பம்பு நம் ஆடுசதைதான். நடக்கும்போது அது இறுகிச் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் இறங்காமல் தடுக்க, சிரைக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கெட்டால், ஏறிய தண்ணீர் மீண்டும் கிணற்றுக்கே போய்விடும் அல்லவா? காலிலும் அதே கதை. இறங்கிய ரத்தம் தேங்கி, சிரை வீங்கி, வளைந்து நெளிகிறது. பரம்பரை, கர்ப்பம், உடற்பருமன், வயது, நெடுநேரம் நிற்பது எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

ஆகவே, வெளியே தெரியும் சுருளை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் பயனில்லை. ஒழுகும் வால்வு எங்கே என்று டாப்ளர் ஸ்கேனில் தேட வேண்டும். நோயாளியை நிற்க வைத்து, ஆடுசதையை அமுக்கிவிட்டுப் பார்ப்பார்கள். ரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது. பெரும்பாலும் குற்றவாளி, கணுக்காலிலிருந்து தொடை இடுக்குவரை உட்புறமாக ஓடும் நீண்ட சிரை.

முன்பெல்லாம் தொடை இடுக்கில் கீறி, கம்பியை நுழைத்து, அந்தச் சிரையையே உருவி எடுத்தார்கள். அதற்கான கருவியை அமெரிக்க அறுவை மருத்துவர் பாப்காக் 1907-இல் விவரித்தார். இன்று பெரும்பாலும் உருவுவதில்லை, இருந்த இடத்திலேயே மூடிவிடுகிறார்கள்.

மூடினால் ரத்தம் எப்படிப் போகும்? கால் ரத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆழத்துச் சிரைகள் வழியே போகிறது. அந்த நீண்ட சிரை இல்லாமலும் கால் சமாளிக்கும். இதய பைபாஸ் அறுவையில் ஒட்டுப்போட எடுப்பதும் பல நேரம் இதைத்தான்.

மூடும் முக்கிய வழிகள் மூன்று. முதலாவது வெப்பம். முழங்கால் அருகே ஊசித் துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசராலோ ரேடியோ அலையாலோ சிரையின் உட்சுவரைச் சுடுகிறார்கள். ரேடியோ அலைக் கருவி ஒன்று, 7 செ.மீ. நீளத்தை 20 நொடிகளில் 120 டிகிரி செல்சியஸில் சுட்டு மூடுகிறது. சுற்றியுள்ள சதை வேகாதபடி, மரப்பு மருந்து கலந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றிலும் ஏற்றுவார்கள். அன்றைக்கே நடந்து வீடு திரும்பலாம்.

இரண்டாவது பசை. கடையில் வாங்கும் உடனடிப் பசையின் இனத்தைச் சேர்ந்த மருத்துவப் பசை இது. சூடு இல்லாததால் அத்தனை மரப்பு ஊசிகள் தேவையில்லை. சிலருக்கு ஒவ்வாமை வரலாம்.

மூன்றாவது நுரை. இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து, ஒரு பங்கு மருந்தையும் நான்கு பங்கு காற்றையும் மாறிமாறித் தள்ளினால் நுரை பொங்கும். அது ரத்தத்தை ஒதுக்கிவிட்டு உட்சுவரைச் சிதைக்க, சிரை ஒட்டிக்கொள்கிறது.

தோலில் சிலந்தி வலைபோல் பரவும் மெல்லிய சிரைகள் பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான். நுண்ணூசியில் மருந்து செலுத்தினால், சில அமர்வுகளில் மங்கும்.

எதுவும் நிரந்தர உத்தரவாதமில்லை. வேறு சிரைகள் பின்னாளில் பழுதாகலாம். தோலில் கறை, மரமரப்பு, அரிதாக ஆழச் சிரையில் ரத்த உறைவு ஏற்படலாம். கர்ப்பிணிகள் பிரசவம்வரை பொறுப்பது நல்லது. கணுக்கால் தோல் கறுத்தாலோ புண் வந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுருள் உடைந்து ரத்தம் கொட்டினால், படுத்துக் காலை உயர்த்தி, அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. முதலாளிகளே, நாற்காலி போடுங்கள். இடையிடையே நாலு எட்டு நடக்கவும் விடுங்கள். அந்தப் பம்பு நடந்தால்தான் ஓடும்.