கள்ள வோட்டும் காணாமற்போன வோட்டும்

கண்டிக்கு அருகே பல்லேகலையில் மத்திய மாகாண சபைக்குப் பெரிய கட்டடத் தொகுதி ஒன்று இருக்கிறது. திணைக்களங்கள் இயங்குகின்றன, கோப்புகள் நகர்கின்றன, ஆளுநரும் இருக்கிறார். உறுப்பினர்கள்தாம் இல்லை. இந்தச் சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21இல். அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அந்தக் கட்டடம் இருக்கும் குண்டசாலைத் தொகுதியில் 1996இலோ அதற்குப் பிறகோ பிறந்த ஒருவரும் இன்றுவரை மாகாண சபைக்கென்று புள்ளடி இட்டதில்லை. அவர்களுடைய வாக்கை எவரும் களவாடவில்லை. வாசலில் நின்று எவரும் மறிக்கவும் இல்லை. தேர்தல் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

காரணம் கேட்டால் சட்டச் சிக்கல் என்பார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் நிறைவேற்றினார்கள். புதிய தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போயிற்று, புதிய முறை வரவில்லை. நடுவில் ஒன்பது மாகாணங்களின் வாக்காளர்களும் தொங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால் தேர்தல் மோசடி என்று பேச்செடுத்தால், மெனிக்கின்னத் தேநீர்க் கடையானாலும் திகன சந்தியானாலும் முதலில் வருவது கள்ள வோட்டுக் கதைதான். செத்துப்போனவர் வந்து வோட்டுப் போட்டுவிட்டுப் போன கதை இல்லாத ஊர் இலங்கையில் அபூர்வம். அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. 1982 டிசெம்பர் 22இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பை வயதானவர்கள் மறக்கவில்லை. நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்பது கேள்வி. விளக்குச் சின்னம் ஆம், குடம் இல்லை. விளக்கு 54.66 சதவீத வாக்குகளுடன் வென்றது. அந்த வாக்கெடுப்பில் நடந்த மிரட்டல்களையும் முறைகேடுகளையும் பிற்பாடு 1987இல் வெளிவந்த தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே பதிவு செய்தது. அதற்குள் நீட்டிய ஆயுளின் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

1999 ஜனவரி 25இல் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தல் இன்னும் மோசம். எதிர்க்கட்சி முகவர்கள் விரட்டப்பட்டார்கள், வாக்குப் பெட்டிகள் திணிக்கப்பட்டன. அந்த மாகாணத்தின் சிங்களப் பெயரான ‘வயம்ப’ என்ற சொல்லே மோசடித் தேர்தலுக்கு இன்னொரு பெயராகிவிட்டது. கண்டி மாவட்டமும் தப்பவில்லை. 2001 டிசெம்பர் 5, பொதுத் தேர்தல் நாளன்று, குண்டசாலையிலிருந்து அதிக தூரமில்லாத உடத்தலவின்னவில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2010 ஏப்ரல் 8 பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியின் 37 வாக்கெடுப்பு நிலையங்களில் வன்முறை காரணமாக வாக்கெடுப்பே ரத்தாகி, ஏப்ரல் 20இல் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவங்களில் ஒன்றுகூட, அடுத்தவர் பெயரில் வரிசையில் நின்ற ஏதோவொரு ஆசாமியின் சாமர்த்தியத்தால் நடந்ததல்ல. வாகனமும் ஆயுதமும் மேலிடத்துத் துணிச்சலும் உள்ளவர்கள் கும்பலாக வந்து செய்த வேலை. கள்ள வோட்டைத் தடுக்கவென்று வந்த நடவடிக்கைகளோ பெரும்பாலும் அந்த வரிசையில் நின்ற ஆளைத்தான் குறிவைத்தன.

2004இல் வந்த 14ஆம் இலக்கச் சட்டம் வாக்களிக்க அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியது. இன்று வாக்கெடுப்பு நிலையத்துக்குள் போனால், முதல் மேசையில் அட்டையை வாங்கிப் பார்த்து, வாக்காளர் இடாப்பிலுள்ள தொடரிலக்கத்தையும் பெயரையும் அலுவலர் உரக்க வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் அந்தப் பெயரை வெட்டுவார்கள். பிறகு இடது கைச் சின்னி விரலில் மை, அப்புறம்தான் வாக்குச்சீட்டு. 2024இல் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலும் நவம்பரில் பொதுத் தேர்தலும் அடுத்தடுத்து வந்ததால், சின்னி விரலின் பழைய மை போயிராது என்று இரண்டாவது முறை சுட்டுவிரலில் பூசினார்கள். உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால், உங்களுக்கு ஒரு சீட்டுக் கொடுத்துத் தனி உறையில் வைப்பார்கள். எண்ணும்போது அது கணக்கில் சேராது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆள்மாறாட்டம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அட்டை வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்து லயன் அறையில் பிறந்து, பதியாமல் விடப்பட்ட பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? பெயர் ஒரு கடதாசியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும். அட்டை இல்லாதவர்களுக்குத் தேர்தலுக்கு முன் தற்காலிக அடையாள அட்டை கொடுக்கிறார்கள்தான். அதற்கும் நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், புகைப்படம் வேண்டும்.

மலையகத்தில் ‘உன் கடதாசி எங்கே’ என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோதே, தோட்டத் தொழிலாளரின் வாக்கு கிராமத்தவரின் வாக்கை மூழ்கடித்துவிடும் என்று கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினார்கள். அதனால் இந்திய வம்சாவளியினர் ஐந்தாண்டு வசிப்பையும் இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தையும் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். தகுதி இல்லாதவர்களையும் இடாப்பில் ஏற்றிவிட்டார்கள் என்ற கூச்சல் 30களின் கடைசியில் வலுத்தது. விதிகளை இறுக்கினார்கள். 1939 அளவில் சுமார் 2,25,000 ஆக இருந்த இந்தியத் தமிழ் வாக்காளர் தொகை 1943இல் சுமார் 1,68,000க்கு இறங்கியது. தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. இடாப்பிலிருந்துதான் போனார்கள்.

அப்படியிருந்தும் 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளைத் தூக்கிவிட்டது. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் பிரஜையாக இல்லாதவருக்கு வாக்கில்லை என்று தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. இடையில் ஓராண்டுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொண்டமான் வாக்குப்பெட்டி வழியாக நாடாளுமன்றம் திரும்ப 1977 ஆயிற்று.

இந்தச் சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை கேட்டார். பதிவு அலுவலர் மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம், அன்றிருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு இந்தச் சட்டங்கள் முரண் என்று தீர்ப்பளித்தார். எந்த ஒரு சமூகத்துக்கும் தனியாகக் குறை விளைவிக்கும் சட்டம் செல்லாது என்பது அந்தப் பிரிவு. 1951இல் உயர் நீதிமன்றம் அவர் தீர்ப்பைத் தள்ளியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அரசாங்கத்தின் பக்கமே நின்றது. சட்டத்தின் வாசகத்தில் ‘தமிழர்’ என்ற சொல்லே இல்லை, பிரஜைக்கு என்ன தகுதி என்று ஒரு நாடு வகுப்பதில் தவறில்லை என்ற போக்கில் போயிற்று அந்தத் தீர்ப்பு. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லாமலே அதன் வாக்கை எடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது கடினம். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி ஒழிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்டை நாட்டில் இதே விவாதம் இப்போது வேறு உருவில் நடக்கிறது. 2025இல் பீகாரின் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது வரைவுப் பட்டியலில் 65 இலட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். நீக்கிய பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுங்கள் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட்ட பிறகுதான் பெயர் பெயராகச் சரிபார்க்க வழி பிறந்தது.

தொடக்கத்தில் சொன்ன, தேர்தலே வைக்காத மாகாண சபைக் கதைக்கு முன்னோடியும் இருக்கிறது. 1998 ஆகஸ்டில் மத்திய மாகாணம் உட்பட ஐந்து மாகாணங்களின் தேர்தலை அவசரகாலப் பிரகடனம் மூலம் நிறுத்தினார்கள். வருண கருணாதிலக, சுனந்த தேசப்பிரிய என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வாக்களிப்பதும் கருத்துச் சுதந்திரத்தின் ஒரு வடிவமே, ஒத்திவைத்தது அடிப்படை உரிமை மீறல் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பெழுதினார். நாள் 1999 ஜனவரி 27. வயம்பவில் பெட்டிகள் திணிக்கப்பட்டு இரண்டே நாள். ஒரே வாரத்தில் நாடு இரண்டு வியாதியையும் பார்த்துவிட்டது. அந்த ஏப்ரலில் ஐந்து மாகாணங்களிலும் தேர்தல் நடந்தது.

இருபத்துநான்கு ஆண்டு கழித்து அதே நாடகம். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அது உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. குண்டசாலைப் பிரதேச சபைக்கு வாக்களிக்க 2025 மே 6 வரை பொறுத்திருக்க நேர்ந்தது.

சத்தமில்லாமல் காணாமற்போகிற வாக்குகள் இன்னும் உண்டு. கண்டி போகம்பரையிலிருந்து பல்லேகலைக்கு மாறிய தும்பறைச் சிறையில் விளக்கமறியல் கைதிகள் இருக்கிறார்கள். தண்டனை பெறாத அவர்களுக்குச் சட்டப்படி வாக்குரிமை உண்டு. வாக்களிக்க ஏற்பாடுதான் இல்லை. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கும் அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை. பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தில் வேலை செய்யும் வெளியூர்ப் பிள்ளைகள் வாக்குக்காகச் சொந்த ஊர் போய்த் திரும்ப வேண்டும். தூரத்தைப் பொறுத்து அரை நாள் முதல் இரண்டு நாள்வரை விடுமுறை என்று அறிவிப்பு வரும். நடைமுறையில் அது கிடைப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது.

தோட்டங்களில் இன்னொரு சிக்கல். லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்துதான் பிரியும். வாக்காளர் அட்டையும் அப்படியே. அட்டை கைக்கு வராவிட்டால் வாக்களிக்க முடியாது என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை: பெயர் இடாப்பில் இருந்து, கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும். இதை யாராவது லயத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கட்சிக்காரர்கள் வீடு வீடாக வரும்போது சொல்வது சின்னத்தையும் விருப்பு இலக்கத்தையும்தான். புள்ளடியை எங்கே, எப்படி இடுவது என்பதுகூடப் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 6,67,240. வரிசையில் நின்று, அட்டை காட்டி, விரலில் மையும் பூசிக்கொண்டவர்கள் போட்ட வாக்குகள் அவை.