சிப்பாயைக் கொடுத்து நேரம் வாங்கும் ஆட்டம்

1995 ஏப்ரல். லாட்வியாவின் ரிகா நகரில் மிகைல் தால் நினைவுப் போட்டி. 25 வயது விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே உலக சாம்பியன் காஸ்பரோவ். நான்காவது நகர்வில் காஸ்பரோவ் பி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளினார். அரங்கில் பலருக்கும் ஆச்சரியம். 19-ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோனதாக நினைத்த ஈவான்ஸ் கேம்பிட் அது. வில்லியம் டேவிஸ் ஈவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் 1820-களில் கண்டுபிடித்தது.

தொடக்கம் எளிது. வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரைகள் எஃப்3, சி6. மந்திரிகள் சி4, சி5. இப்போது வெள்ளை பி4 ஆடி, 'இந்தச் சிப்பாயை வெட்டிக்கொள்' என்கிறது. கறுப்பு மந்திரி வெட்டியதும் சி3 ஆடி அதை விரட்டுகிறது. அது ஒதுங்கியதும் டி4 வந்து நடுப்பலகை திறக்கிறது. கறுப்பின் மந்திரி ஒன்றே மூன்று முறை நகர்ந்தாகிவிட்டது. வெள்ளை கொடுத்தது ஒரு சிப்பாய், வாங்கியது நேரம்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என்னிடம் செஸ் பழகும் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைத்தான் முதலில் காட்டுவேன். ஆக்ரோஷம் என்றால் ஓயாமல் 'செக்' வைப்பது என்று நினைப்பவர்கள் இதில் ஏழாவது, எட்டாவது நகர்வுகளைப் பார்க்க வேண்டும். ஆனந்த் மந்திரியை இ7-க்கு இறக்கிவிட்டு, குதிரையை ஏ5-இல் வைத்து வெள்ளை மந்திரியைத் தாக்கினார். காஸ்பரோவ், பாயப்போகும் கடா பின்வாங்குவதுபோல், அதை அமைதியாக இ2-க்கு இழுத்துக்கொண்டார். ஆனந்த் டி4 சிப்பாயை வெட்டினார். சி3 சிப்பாயால் திருப்பி வெட்டத்தான் யாருக்கும் தோன்றும். காஸ்பரோவ் ராணியால் வெட்டினார்! உடனே ஜி7 சிப்பாய்க்கு ஆபத்து. ஆனந்த் குதிரையைக் கொண்டுவந்து தடுத்தார். இ5 சிப்பாய் அதை விரட்டியது. ராணி எச்4 போய் ஜி3 வந்து மீண்டும் ஜி7-ஐக் குறிவைத்தது. வேறு வழியின்றி ஆனந்த் ஜி6 ஆடினார். ராஜாவின் பக்கத்துக் கறுப்புக் கட்டங்களில் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

15-வது நகர்வில் வெள்ளை மந்திரி எச்6-இல் போய் உட்கார்ந்தது. இனி அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது. ஆனந்த் இரண்டாவது சிப்பாயையும் வெட்டினார். ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது. 25-வது நகர்வில் காஸ்பரோவ் யானையை இ1-க்குக் கொண்டுவந்ததும் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போதும் அவரிடம் இரண்டு சிப்பாய்கள் கூடுதல்! ஆனால் இ6-இல் நின்ற அவருடைய மந்திரியை ராணியும் குதிரையும் குறிவைத்திருந்தன. வெள்ளை மந்திரி இ2-இலிருந்து சி4-க்கு விலகினால் யானையும் சேர்ந்துகொள்ளும். எச்8-இல் முடங்கிய கறுப்பு யானை கடைசிவரை அசையவே இல்லை.

அப்படியானால் கறுப்புக்குப் பதிலே இல்லையா? உண்டு. இமானுவேல் லாஸ்கர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. மந்திரியை ஏ5-க்கு எடுத்து, டி6 ஆடி, வெள்ளை டி4 வந்ததும் மந்திரியை பி6-இல் வைக்க வேண்டும். வெள்ளை விரும்பினால் இரண்டு ராணிகளையும் வெட்டிக்கொண்டு இ5-இல் சிப்பாயைத் திரும்பப் பெறலாம். பெறட்டும். ராணிகள் போனபின் தாக்குதலுக்கு ஆளில்லை. வெள்ளையின் ஏ, சி சிப்பாய்கள் துணையின்றித் தனித்து நிற்கும், கறுப்பின் சிப்பாய் வரிசையோ குலையாமல் இருக்கும்.