கத்தியின்றி ஈறு நலம் பெறும்

“சாமி, பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடுமாமே!”

காரியாபட்டியில் ஒரு தாய் இவ்வாறு கேட்டார். வயது நாற்பதுக்குள்தான். பல் துலக்கும்போதெல்லாம் ஈற்றில் இரத்தம் கசிகிறது. சர்க்கரை நோயும் உண்டு. வலி இல்லாமையால் நாள் கடத்தி வந்தார். இவ்வச்சம் நம் இல்லங்கள் பலவற்றில் இருப்பதால், உண்மை யாது என நோக்குவோம்.

சரியாகத் துலக்காத பல்லின்மீது கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தால் அப்படலம் இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகுகிறது. அந்த இடுக்கிலும் காரை சேர, பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது.

நம் மக்களிடையே கண்ட உண்மை ஒன்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 480 பேரை, ஹெரால்டு லோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1970இல் ஆராயத் தொடங்கி, 1985 வரை தொடர்ந்தனர். முறையாகப் பல் துலக்கும் வழக்கம் அத்தொழிலாளரிடம் இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவிற்று. இவர்கள் 45 வயதளவில் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 81 பேருக்கு அது மெல்ல வளர்ந்தது. எஞ்சிய 11 பேருக்கே ஈறு வீக்கத்தோடு நின்றது. சுத்தம் செய்ததால் அன்று, செய்யாமையாலேயே பற்கள் போயின.

அவ்வாறாயின், பல் ஆடுவது ஏன்? கரையான் அரித்த தூணைச் சுண்ணப்பூச்சு மறைப்பதுபோல், காரை பற்களை ஒட்டிப் பிடித்து நோயை மறைக்கிறது. காரை நீங்கியதும், முன்னரே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. அவ்வளவே.

சிகிச்சையோ எளிது. மருத்துவர் ஈற்றின் மேலும் அடியிலும் உள்ள காரையை அதிர்வுக் கருவியாலும் சிறு சுரண்டு கருவிகளாலும் அகற்றி, பல்வேரை வழவழப்பாக்குகிறார். ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போடுவார், ஈற்றைக் கீறுவதில்லை. சில நாள் பல் கூசலாம். சில வாரங்களில் வீக்கம் வற்றி, ஈறு பல்லை இறுகப் பற்றும். இரண்டு மூன்று மாதங்களுக்குப்பின் மருத்துவர் இடுக்கின் ஆழத்தை மீண்டும் அளப்பார். ஆழம் குறையாத இடங்களுக்கே அறுவை தேவைப்படலாம்.

சர்க்கரை நோயாளருக்கு இதில் இரட்டை நன்மை உண்டு. சர்க்கரை கட்டுப்பட்டால் ஈறு விரைந்து ஆறும். ஈறு ஆறினால் சர்க்கரையும் ஓரளவு குறையும். ஆயினும் மருந்தை நிறுத்தலாகாது. புகையிலையோ குணமாவதைத் தடுக்கும். அதனை அறவே விடுதல் வேண்டும்.

அத்தாய் மதுரைக்குச் சென்று சிகிச்சை பெற்றார். இப்போது இரத்தக் கசிவு இல்லை. “முன்பே தெரியாமற் போயிற்றே, சாமி” என்றார். ஆம், கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. எஞ்சியதைக் காப்பதே நம்மால் இயல்வது. ஆகவே பெற்றோரே, செங்கற்பொடியையும் கரியையும் விடுத்து, மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்குங்கள், பிள்ளைகளையும் பழக்குங்கள். ஈற்றில் இரத்தம் கண்டால், வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். வலி வரும்போது காலம் கடந்திருக்கும்.