‘புட்’டைப் புட்டுப் புட்டு வைப்போமா?

கேம்பஸ் இன்டர்வியூ. ஆப்டிட்யூட் டெஸ்ட், குரூப் டிஸ்கஷன், டெக்னிக்கல் ரவுண்டு என மூன்று வாசலையும் தாண்டிவிட்டான் என் ஹாஸ்டல் நண்பன். மிச்சம் ஹெச்.ஆர். ரவுண்டு மட்டும்தான். டிரீட்டுக்கு யார் யார் என்று லிஸ்ட்கூட ரெடி!

உள்ளே வட இந்திய அதிகாரி ஒருவர். “டீம்ல யாரோடயாவது உனக்கு ஒத்துப்போகாம இருந்திருக்கா? என்ன பண்ணினே?” என்று இங்கிலீஷில் கேட்டார். நம்ம ஆள் அரிச்சந்திரன் வீட்டு அடுத்த வாரிசு. படபடவென்று உண்மையைச் சொன்னான்:

“யெஸ் சார். வீ புட் ஃபைட் சார். தென் ஹி புட் மீ டு ஹெச்.ஓ.டி. சார்!”

அதிகாரி குழம்பிப்போய்க் கேட்டார்: “ஹி புட் யூ... வேர்?”

‘உன்னை எங்கே வெச்சான்?’ என்று அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். இவனுக்கோ தன்னைக் கிண்டலடிக்கிறார் என்று தோன்றிவிட்டது. அதன்பிறகு வாயைத் திறக்கவே இல்லை. ரிசல்ட்? டிரீட் லிஸ்ட் குப்பைத்தொட்டிக்குப் போனது.

“எனக்கு இங்கிலீஷ் வராதுடா. தமிழ் மீடியம்டா நான்” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தவன், ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

எனக்கு அப்பவும் தோன்றியது, இப்பவும் தோன்றுகிறது... அவனுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. சண்டை போட்டோம், அவன் ஹெச்.ஓ.டி.கிட்ட போட்டுக் கொடுத்துட்டான். இதைத்தானே சொன்னான்? தமிழில் ஜோராக இருந்த ஒரு குட்டிச் சொல், இங்கிலீஷுக்குப் போகும்போது மாறுவேஷம் போட்டு ஆளைக் கவிழ்த்துவிட்டது. அந்த வில்லன் பெயர் ‘போடு’. மாறுவேஷத்தின் பெயர் ‘புட்’.

நாம எதைத்தான் போடலை?

காலையில் எழுந்ததிலிருந்து கணக்கு எடுங்க பாஸ். அம்மா கோலம் போடுறாங்க, காபி போடுறாங்க. நாம குளியல் போட்டு, சட்டை போட்டு, சாப்பாடு போடச் சொல்லி சத்தம் போடுறோம். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போடுறார். காலேஜில் சார் அட்டெண்டன்ஸ் போடுறார், பிளேடு போடுறார், கடைசியில் ஃபைனும் போடுறார். கேன்டீனில் கடலை போடுறோம், சீன் போடுறோம், மொக்கை போடுறோம். ராத்திரி ஒரு தூக்கம் போடுறோம். கோழி முட்டை போடும், ஆடு குட்டி போடும், தாத்தா வெத்தலை போடுவார். ரவுடி படத்தில் வில்லன் ஆளையே ‘போட்டுடுவான்’!

இத்தனைக்கும் ஒரே வார்த்தை. இப்படி ஒரு சொல்லை வைத்துப் பிழைத்துப் பழகியவன், இங்கிலீஷிலும் அதே மாதிரி ஒன்றைத் தேடுவது இயல்புதானே? பள்ளிக்கூடத்தில் ‘புட் என்றால் போடு’ என்று மனப்பாடம் செய்தாயிற்று. அப்புறம் என்ன... ‘புட் டீ’, ‘புட் ஷர்ட்’, ‘டோன்ட் புட் சீன்’ என்று வண்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

தமிழ் மீடியம் பசங்கதான் இப்படி என்று நினைக்காதீங்க. சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் ‘புட்’ ஒரு தனி ராஜ்ஜியமே நடத்தியிருக்கிறது. ‘புட் கிராஷ்’ என்றால் தூங்குவது. ‘புட் ஃபண்டா’ என்றால் உபதேசம் செய்வது. ‘புட் ஃபைட்’ என்றால் அங்கே சண்டைகூட இல்லை, முட்டி மோதி முயற்சி செய்வது! ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி, 2000-களில் அந்த விடுதிப் பாஷையையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். ஆக, ஹாஸ்டல் இங்கிலீஷ் கேவலம் இல்லை. அது நண்பர்களுக்கான பாஷை. வெளி ஆளிடம் பேசும்போது வேறு சட்டை மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இந்தப் ‘புட்’ யாரு?

ஆதியில் ‘புட்’ என்றால் போடு இல்லை. தள்ளு, உந்து! மத்தியகால இங்கிலீஷில் இந்தப் பொருளில்தான் அது நிறையப் புழங்கியது. அதன் மிச்சம் இன்னும் நம்ம ஸ்போர்ட்ஸ் டேயில் இருக்கிறது. ‘ஷாட் புட்’! தமிழில் ‘குண்டு எறிதல்’ என்கிறோம். ஆனால் பந்தை எறிகிற மாதிரி எறிந்தால் ஃபவுல். ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ இரும்புக் குண்டை, தோளிலிருந்து ஒரே கையால் தள்ளத்தான் வேண்டும். விதியே அந்தப் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுவதை ‘பட்’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்லின் ஸ்காட்லாந்து உறவுக்காரன்தான். எழுத்தில் ஒரு ‘டி’ அதிகம். கம்ப்யூட்டர் லேபில் தினமும் சொல்கிற ‘இன்புட்’, ‘அவுட்புட்’ இரண்டும் இவன் பிள்ளைகள். உள்ளே தள்ளுவது, வெளியே தள்ளுவது!

காமர்ஸ் பார்ட்டிகளே, உங்களுக்கும் இருக்கு. தேசிய பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷன் வியாபாரம் 2001 ஜூனில் தொடங்கியது. அதில் ‘கால்’, ‘புட்’ என்று இரண்டு வகை. குறிப்பிட்ட விலைக்கு ‘கொடு’ என்று கேட்டு வாங்கும் உரிமை ‘கால்’. விலை விழுந்தாலும், பேசிய விலைக்கே எதிராளி தலையில் தள்ளிவிடும் உரிமை ‘புட்’. தள்ளுவது என்று புரிந்துகொண்டால், எது வாங்க, எது விற்க என்று பரீட்சையில் குழம்பவே மாட்டீங்க.

அப்புறம் அந்தப் பழைய சந்தேகம்... பி.யு.டி. ‘பட்’ இல்லாம ஏன் ‘புட்’? ஒரு காலத்தில் கட், பட் எல்லாமே ‘கு’, ‘பு’ என்று உகரத்தோடுதான் ஒலித்தன. 17-ம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்துக்காரர்கள் உச்சரிப்பை மாற்றிக்கொண்டார்கள். உதட்டைக் குவித்துச் சொல்கிற புட், புல், புஷ், ஃபுல் போன்ற சில சொற்கள் மட்டும் அந்த மாற்றத்துக்கு மசியவில்லை. வட இங்கிலாந்தில் இன்றைக்கும் பலர் ‘கட்’டையும் ‘புட்’ மாதிரியேதான் சொல்கிறார்கள். ஆக, கிறுக்குத்தனம் இல்லை. சரித்திரம்!

‘எங்கே?’ என்று கேளுங்க

இப்போ மேட்டருக்கு வருவோம். ‘புட்’டுக்கு மூன்று பேர் துணை வேண்டும். யார் வைத்தது, எதை வைத்தது, எங்கே வைத்தது. ‘ஐ புட் த புக்’ என்று நிறுத்தினால் கேட்பவருக்கு விக்கல் நின்ற மாதிரி இருக்கும். ‘எங்கேப்பா?’ ‘ஐ புட் த புக் ஆன் த டேபிள்’ என்றால்தான் திருப்தி. இன்டர்வியூவில் அந்த அதிகாரி ‘வேர்?’ என்று கேட்டது கிண்டல் இல்லை. ‘புட்’ என்ற சொல்லே அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கும்!

நம்ம ‘போடு’வுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘சண்டை போட்டான்’ என்றால் வாக்கியம் முடிந்தது. யாரும் ‘எதுக்குள்ள போட்டான்?’ என்று கேட்பதில்லை.

இதிலிருந்தே ஒரு சுலபமான சோதனை கிடைக்கிறது. நீங்க சொல்ல வந்த ‘போடு’வைப் பார்த்து ‘எதுல? எங்கே?’ என்று கேளுங்க. பதில் வந்தால் தைரியமாகப் ‘புட்’. சாம்பாரில் உப்பு போடு, பேங்க்கில் பணம் போடு, பாக்கெட்டில் சாவியைப் போடு... எல்லாமே ‘புட்’தான்.

பதில் வரவில்லையா? அது வெறும் வால். கழட்டி விடுங்க!

வாலைக் கழட்டினா வார்த்தை ரெடி

இங்கேதான் ஒரு ஆச்சரியம். தமிழில் ‘சண்டை’ என்ற பெயர்ச்சொல்லை வினையாக்க ‘போடு’ என்ற வால் வேண்டும். இங்கிலீஷில் பல சொற்களுக்கு அந்த வாலே தேவையில்லை. பெயர்ச்சொல்லே வினையாகவும் வேலை பார்க்கும்.

சண்டை போட்டோம்: ‘வீ ஃபாட்’. வாய்ச்சண்டைதான் என்றால் ‘வீ ஆர்க்யூட்’.
ஓட்டு போட்டேன்: ‘ஐ வோட்டட்’.
கையெழுத்து போட்டார்: ‘ஹி சைன்ட்’.
சத்தம் போடாதே: ‘டோன்ட் ஷவுட்’.
ஃபைன் போட்டாங்க: ‘தே ஃபைன்ட் மீ’.
பிளான் போட்டோம்: ‘வீ பிளான்ட்’.

‘புட்’டைத் தூக்கிவிட்டாலே வாக்கியம் சரியாகிவிடுகிறது, பார்த்தீங்களா? இதில் அடங்காத கொஞ்சம் பேர் உண்டு. அவங்களை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ளுங்க. டீ, காபிக்கு ‘மேக்’. ஊசிக்கும் மார்க்குக்கும் ‘கிவ்’. கோலத்துக்கு ‘டிரா’. முட்டைக்கு ‘லே’. பரிமாறுவதற்கு ‘செர்வ்’. பிளேடு போடுவதற்கு ‘போர்’. சீன் போடுவதற்கு ‘ஷோ ஆஃப்’. போட்டுக் கொடுப்பதற்கு ‘டெல் ஆன்’. என் நண்பன் சொல்ல நினைத்தது, ‘ஹி டோல்ட் த ஹெச்.ஓ.டி. ஆன் மீ’!

ஒட்டு மாறினா ஆளே மாறுவான்

‘புட்’டோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் அர்த்தம் தலைகீழாகும். இதில் சிலதை நம்ம ‘போடு’வே ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

புட் ஆஃப்: தள்ளிப் போடு. செமஸ்டர் பரீட்சையைத் தள்ளிப் போட்டா, ‘த எக்ஸாம் ஹேஸ் பீன் புட் ஆஃப்’.

புட் ஆன்: சட்டை போடு, வெயிட் போடு. இரண்டுக்கும் இதுவே. லீவில் ஊருக்குப் போய் வந்ததும் ‘யூ ஹேவ் புட் ஆன் வெயிட்’ என்று நாலு பேர் சொல்வாங்களே!

புட் இன்: உழைப்பைப் போடு.

மற்றதைப் புதிதாகத்தான் பழக வேண்டும். ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது. ‘புட் த்ரூ’ என்றால் போனில் இணைப்புக் கொடுப்பது. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. மெஸ் சாம்பாரை நாம தினமும் செய்வது இதைத்தான்.

‘புட் டவுன்’ விஷயத்தில் மட்டும் உஷார். பெயரை எழுதிக்கொள்வதும் அதுதான், நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டம் தட்டுவதும் அதுதான். ஆனால் ‘வீ புட் அவர் டாக் டவுன்’ என்றால், நாயை இறக்கி விட்டோம் என்று நினைக்க மாட்டார்கள். தீராத நோயால் துடித்த நாய்க்கு ஊசி போட்டு முடித்துவிட்டோம் என்று நினைத்துத் துக்கம் விசாரிப்பார்கள்!

‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று நம்ம ஊரில் கேட்கிறோம். வெளிநாட்டுக்காரர் காதில் அது, தற்காலிகமாக எங்கே ஒண்டியிருக்கிறாய் என்பது போல விழும். ‘வேர் டு யூ லிவ்?’ போதும்.

அப்புறம், இறந்தகாலம். ‘புட்டட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. நேற்றும் புட், இன்றும் புட், ‘ஹேவ்’ சேர்த்தாலும் புட். கட், ஹிட், ஷட், லெட், செட், காஸ்ட் எல்லாம் இதே பரம்பரை. அவன், அவள் என்று ஒருவர் வழக்கமாகச் செய்வதைச் சொல்லும்போது மட்டும் ‘புட்ஸ்’.

ஒரு சின்ன ஹோம்வொர்க்

தடிமனான டிக்‌ஷனரியில் வாயில் நுழையாத வார்த்தையாகப் பொறுக்கி மனப்பாடம் செய்வதை ஒரு வாரம் நிறுத்தி வைங்க. அதற்குப் பதில், நாளைக்கு ஒரு நாள் முழுக்க நீங்க சொல்கிற ‘போடு’க்களை ஒரு பேப்பரில் எழுதுங்க. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ‘எங்கே?’ என்று கேளுங்க. பதில் இருந்தால் ‘புட்’. இல்லாவிட்டால் வாலைக் கழட்டிப் பாருங்க. அடுத்த வாரம் ‘எடு’, அதற்கடுத்த வாரம் ‘அடி’. போன் அடி, காப்பி அடி, கட் அடி, கண் அடி என்று அதிலும் சரக்கு ஏராளம். இன்டர்வியூவில் நம்மைத் தடுக்கி விழ வைப்பது பெரும்பாலும் பெரிய வார்த்தைகள் இல்லை, இந்தச் சின்னப் பசங்கதான்.

என் நண்பனும் இப்படி ஒரு பேப்பர் எழுதினான். மெஸ்ஸில், பஸ்ஸில், பாத்ரூமில்கூட ‘எங்கே... எங்கே...’ என்று முனகிக்கொண்டே திரிந்தான். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கம்பெனி. வேறு அதிகாரி, கிட்டத்தட்ட அதே கேள்வி. இந்த முறை நிதானமாகச் சொன்னானாம்:

“வீ ஆர்க்யூட், சார். ஐ புட் மை பாயிண்ட் அக்ராஸ். லேட்டர் வீ புட் அவர் டிஃபரன்ஸஸ் அசைட் அண்ட் ஃபினிஷ்ட் த புராஜெக்ட்.”

வாதாடினோம். என் தரப்பை விளக்கினேன். அப்புறம் மனஸ்தாபத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையை முடித்தோம். இரண்டு ‘புட்’. இரண்டும் சரியான இடத்தில்!

வேலை கிடைத்த அன்று ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து கதவைத் தட்டினான். “மச்சி, வாடா... புட் டிரீட்!” என்றான்.

இலக்கணப்படி தப்புதான். யார் திருத்தினாங்க?